பெயர் நீக்கிய குரல்

மெலனி சீதேவியின் குரலோடு மாதக்கணக்காகப் பழகியிருந்தாள். முகத்தை ஒரு நாளும் கண்டதில்லை.

உட்துறைமுக வீதியில் இருந்த கரையோர ஆய்வு நிலையத்தின் மேல்மாடியில் அவளுக்கு வேலை. மீனவக் குடும்பத்துப் பெண்களின் நேர்காணல்களை ஹெட்போனில் கேட்டு எழுத்தாக்குவாள். பிறகு எழுதியதைக் கணினிக்குள் ஏற்றிப் பகுத்தாய்வாள். நேர்காணல்களை எடுத்தவள் வேறொருத்தி. அவள் மேற்படிப்புக்கென்று மலேசியா போய்விட்டாள். போகும்போது ஒலிப்பதிவுகளை மெலனியிடம் ஒப்படைத்துவிட்டு, "ஏழாவதை ஆறுதலாக் கேள், அவசரப்பட்டுக் கேட்டா உனக்குச் சாப்பாடு இறங்காது" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

அந்த ஏழாவது ஆள்தான் சீதேவி. சல்லி என்ற கரையோரக் கிராமத்தில் கருவாடு போட்டு விற்கிறவள். கரகரத்த, தாழ்ந்த குரல். ஒவ்வொரு வசனத்தையும் முடிக்கும்போது மூச்சை உள்ளே இழுத்து, "என்ன, விளங்குதே?" என்று கேட்பாள். கேட்டுக் கேட்டு மெலனிக்கே அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. வீட்டில் அம்மா கிறேஸ், "என்னடி இது புதுக் கதை?" என்று சிரித்தாள்.

பகுத்தாய்வுக்கு நிலையத்தில் ஒரு மென்பொருள் இருந்தது. ஒவ்வொரு வரியாக வாசித்து, அது எதைப் பற்றியது என்று ஒரு தலைப்பு வைத்து நிறம் தீட்ட வேண்டும். இழப்பு என்றால் நீலம். கடல் என்றால் பச்சை. பயம் என்றால் சிவப்பு. எல்லாம் தீட்டி முடிந்த பிறகு, நீலமும் சிவப்பும் ஒன்றாக விழுந்த இடங்களைக் காட்டு என்று கேட்டால், நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குள்ளிருந்து அந்த வரிகளை மட்டும் கண்ணிமைக்கும் நேரத்தில் எடுத்து வந்து முன்னால் வைக்கும். மெலனிக்கு அதில் ஒரு பித்தே இருந்தது. தனித்தனியாகப் புலம்பிய பெண்கள் எல்லாரும் ஒரே திரையில் ஒருவர் பக்கத்தில் ஒருவராக வந்து உட்கார்ந்து கதைப்பதைப் போல அவளுக்குத் தோன்றும்.

பெயர்களை நீக்கியதும் அவள்தான். ஊர்ப் பெயர், ஆள் பெயர், வள்ளத்தின் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பொதுச் சொற்களைப் போட்டாள். சல்லி 'வடக்குக் கிராமம்' ஆனது. அவளுடைய செத்துப்போன தம்பி 'உறவினர்' ஆனான். சீதேவி 'பங்கேற்பாளர் ஏழு' ஆனாள். ஒன்றுக்கு இரண்டு தரம் பார்த்துத்தான் செய்தாள். சுத்தமாகச் செய்துவிட்டோம் என்று நம்பினாள்.

ஆய்வு முடிவுகளைச் சொல்லும் கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். நிலையத்தின் பணிப்பாளர் கலாநிதி ஹெக்டர் மெலனியைக் கூப்பிட்டார்.

"அட்டவணையும் வரைபடமும் மட்டும் காட்டினா ஆக்கள் நித்திரை கொள்ளுவினம், மெலனி. உயிருள்ள ஒரு மேற்கோள் வேணும். ஒண்டே ஒண்டு போதும். கேட்டவுடன நெஞ்சில அடிக்க வேணும்."

மெலனி தேடவே வேண்டியிருக்கவில்லை. டைனமைட் வைத்து மீன் பிடிப்பதைப் பற்றிய வரிகளையும் இழப்பையும் பயத்தையும் சேர்த்துக் கேட்டாள். மென்பொருள் முதலாவதாகக் கொண்டுவந்தது ஏழாம் பங்கேற்பாளரின் வரிகளை. அவளுக்கு அவை மனப்பாடம். என்றாலும் அன்று திரையில் பார்த்தபோது மறுபடி கண் கலங்கியது. அப்படியே எடுத்துப் போட்டாள்.

கூட்டத்துக்கு மண்டபம் நிறைய ஆட்கள். அரச அதிகாரிகள், கொழும்பிலிருந்து வந்த நிதி வழங்கும் அமைப்பின் ஆட்கள், கடற்றொழிலாளர் சங்கங்களின் தலைவர்கள். முன்வரிசையில் வெள்ளைச் சேட்டும் கைக்கடிகாரமுமாக யோகலிங்கம் இருந்தார். சல்லிப் பக்கத்தில் பல வள்ளங்களுக்குச் சொந்தக்காரர். எல்லாரும் சம்மாட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆய்வின் ஆலோசனைக் குழுவிலும் அவருக்கு ஓர் இடம் இருந்தது. குழுவில் ஊர்ப் பிரமுகர் ஒருவர் வேண்டும் என்று ஹெக்டர்தான் சேர்த்திருந்தார். சீதேவி ஒலிப்பதிவில் சொன்ன பெயர் அவருடையதுதான் என்றாலும், அதை நீக்கியாயிற்று என்ற தைரியத்தில் மெலனி இருந்தாள்.

மெலனி முடிவுகளை விளக்கிக்கொண்டு போய், அந்த மேற்கோள் இருந்த பக்கத்தைத் திறந்தாள். திரையில் பெரிய எழுத்தில் இருந்தது:

"எஞ்சினில நெருப்புப் பிடிச்சதெண்டு சொன்னவை. எஞ்சின் நெருப்பெண்டா முகமெல்லோ எரியும்? என்ர உறவினருக்கு முகம் முழுசா இருந்தது. கை ரெண்டும்தான் இல்ல. நான்தான் கழுவினனான். முதல் நாள் பின்னேரம் ஐஸ் பெட்டிக்குள்ள ஒளிச்சு வெடிச் சாமான் வந்து இறங்கினதையும் கண்டனான். ஆர் இறக்கினதெண்டும் கண்டனான். பொலிசில கேக்கேக்க ஒண்டும் காணயில்லையெண்டு சொன்னனான். என்ன, விளங்குதே?"

பின்வரிசையில் ஒரு பெண் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஹெக்டரின் முகத்தில் திருப்தி. மெலனி முன்வரிசையைப் பார்த்தாள். யோகலிங்கம் திரையைப் பார்த்தபடி இருந்தார். வாசித்து முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து வாசிக்கிறார் என்பது அவருடைய கண்கள் போன போக்கில் தெரிந்தது. பிறகு மெல்ல அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார், நல்லாச் செய்திருக்கிறீர் என்பது போல.

அந்த நேரத்தில்தான் அவளுக்கு உறைத்தது. அந்தப் பகுதியில் அப்படிச் செத்தவர்கள் எத்தனை பேர்? இரண்டு கையும் போன உடம்பைக் கழுவியவர்கள் எத்தனை பேர்? பெயர் இல்லைத்தான். ஆனால் ஊரில் யாருக்கு அங்கே பெயர் தேவைப்படும்?

தேத்தண்ணி இடைவேளையில் அவர் அவளிடம் வந்தார்.

"பிள்ளை, அந்த மனிசி நல்லாக் கதைச்சிருக்கிறா. நெஞ்சு உருகிப்போச்சு எனக்கு. எந்தப் பக்கம்?"

"அதைச் சொல்ல ஏலாது, ஐயா. விதிமுறை."

"ஓம் ஓம். விதிமுறைதானே முக்கியம்." சிரித்தபடி கோப்பையை வைத்துவிட்டுப் போனார்.

மெலனி அன்றைக்கே ஹெக்டரின் அறைக் கதவைத் தட்டினாள். உண்மை முழுவதையும் சொன்னாள். ஏழாம் ஆள் சொன்ன சம்மாட்டி யார் என்பதையும் சொன்னாள். ஒலிப்பதிவில் யோகலிங்கத்தின் பெயர் தெளிவாக இருந்தது. ஹெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், திரும்பவும் கழற்றினார்.

"இது எனக்கு முதலே தெரியாதே, மெலனி."

"ஒலிப்பதிவை நீங்கள் கேக்கயில்ல, சேர்."

"நாங்கள் பேர் போடயில்ல. ஊர் போடயில்ல. ஆய்வு நெறிமுறைக் குழு சொன்ன எல்லாத்தையும் செய்திருக்கிறம். பயப்பிடாதேங்கோ. அந்தாளும் கண்டுபிடிக்க மாட்டார்."

சொல்லும்போதே அவருடைய கண் ஜன்னல் பக்கம் போனது. கீழே கேற்றடியில் யோகலிங்கத்தின் வாகனம் இன்னும் நின்றது.

மறுநாள் மெலனி வேலை முடிந்து வீட்டுக்குப் போனபோது குசினியிலிருந்து மீன் குழம்பு மணத்தது. அம்மா முகமெல்லாம் மலர்ச்சியாக நின்றாள்.

"ஆரடி அந்த யோகலிங்கம்? எவ்வளவு பெரிய பாரை மீன் குடுத்து விட்டிருக்கிறார்! ஒரு பொடியன் மோட்டார் சைக்கிளில கொண்டுவந்து தந்தவன். மகளின்ர வேலை நல்ல வேலையாம், சம்மாட்டி சொல்லச் சொன்னவராம்."

மெலனி கைப்பையைக் கூடக் கீழே வைக்கவில்லை. "எங்கட வீடு அவைக்கு எப்பிடித் தெரியும், அம்மா?"

"இதென்ன கேள்வி? கேட்டு வந்திருப்பினம்."

"ஆரிட்டக் கேட்டவை?"

கிறேஸ் அகப்பையோடு திரும்பி மகளைப் பார்த்தாள். மலர்ச்சி மெல்ல வடிந்தது. "இனி ஆர் என்ன கொண்டுவந்தாலும் வாங்காதேங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு மெலனி அறைக்குள் போனாள். பசி வயிற்றைக் கிள்ளியது. ஆனால் அவள் சாப்பிடப் போகவில்லை. அம்மா குழம்பை என்ன செய்தாள் என்று அவள் கேட்கவுமில்லை, அம்மா சொல்லவுமில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். அலுவலகத்துக்கு வழமையான வழியால் போகாமல் சுற்றிப் போனாள். மலேசியாவில் இருந்தவளுக்குச் செய்தி அனுப்பிப் பார்த்தாள், பதில் இல்லை. சீதேவிக்குச் சொல்ல வேண்டும் என்று மனம் அரித்தது. ஆனால் போனால், தான் போவதே அடையாளம் காட்டிவிடும் என்ற யோசனையும் வந்தது. இப்படியே இழுபட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு பின்னேரம் டச்பே கரையோரமாக நடந்து வந்தபோது ஒரு வாகனம் அவளைத் தாண்டிப் போய் நின்றது. யோகலிங்கம் இறங்கினார். கரையில் பிள்ளைகள் விளையாடினார்கள், கடலை விற்கிறவன் மணி அடித்தான், ஆட்கள் போய்வந்தபடி இருந்தார்கள். இத்தனை பேர் இருக்கிறார்கள், ஒன்றும் நடக்காது என்று மெலனி தனக்குத்தானே சொன்னாள்.

"மீன் நல்லா இருந்ததோ, பிள்ளை?"

"ஏன் எங்கட வீட்டுக்கு ஆள் அனுப்பினீங்கள்?"

"அட, கோவிக்காதேங்கோ. நீங்கள் எனக்கு மகள் மாதிரி." அவர் அவளுடைய பக்கம் பார்க்காமல் கடலைப் பார்த்துக் கதைத்தார். "நான் உங்களிட்டப் பேர் கேக்கயில்ல. விதிமுறையெண்டு சொன்னீங்கள். சரி. அந்தக் கதை என்ர வள்ளத்தில வேலை செய்து செத்துப்போன நிலக்சனின்ர கதைதான். அது எனக்கு விளங்குது. அந்தப் பிள்ளையின்ர குடும்பத்துக்கு என்னால ஏலுமான உதவியைச் செய்ய வேணும். அவ்வளவுதான். கதைச்சது அவன்ர பெண்சாதி சுலோஜனா. என்ன?"

"இல்லை!"

பாய்ந்து வந்துவிட்டது வார்த்தை. பாவம், சுலோஜனா என்ற அந்தப் பெண்ணை மெலனிக்குத் தெரியவே தெரியாது. ஒரு வார்த்தையும் சொல்லாத ஒருத்தி மேல் பழி விழக் கூடாது என்ற பதைப்பில் சொன்னது. சொன்ன பிறகுதான் என்ன செய்தோம் என்று விளங்கியது.

யோகலிங்கம் இப்போது திரும்பி அவளுடைய முகத்தை நேரே பார்த்தார்.

"அப்ப, தமக்கைக்காரி சீதேவி?"

இல்லை என்று சொல்ல வேண்டும். அதே வேகத்தில், அதே குரலில் சொல்ல வேண்டும். மெலனிக்கு அது தெரிந்தது. ஆனால் கடலை வண்டி மணி அடித்தபடி அவர்களைத் தாண்டிப் போகும்வரை அவளால் வாய் திறக்க முடியவில்லை.

"எனக்கு... எனக்கு ஆரெண்டு தெரியாது, ஐயா. நான் எழுதுறது மட்டும்தான்."

"சரி பிள்ளை," என்றார் அவர், மிக மெதுவாக. "நீங்கள் ஒண்டும் சொல்லயில்ல. ஆர் கேட்டாலும் நான் அப்பிடித்தான் சொல்லுவன்."

வாகனம் போன பிறகு மெலனி கரைச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். இருட்டும்வரை எழும்பவில்லை.

அடுத்த நாள் காலை அலுவலகத்துக்குப் போகவில்லை. நிலாவெளி பஸ்ஸில் ஏறி, சாம்பல்தீவு தாண்டிச் சல்லிச் சந்தியில் இறங்கினாள். முத்துமாரியம்மன் கோயிலைக் கடந்து கரைக்கு நடந்தாள். வழியில் ஒரு கடைக்காரர் "ஆரைத் தேடுறீங்கள், தங்கச்சி?" என்று கேட்டார். பெயரைச் சொல்ல வாய் எடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். பட்டணத்துப் பெண் ஒருத்தி சீதேவியைத் தேடி வந்தாள் என்ற கதை மத்தியானத்துக்குள் சம்மாட்டியின் காதுக்குப் போய்விடும். "கருவாடு வாங்க வந்தனான்" என்றாள்.

கரையில் பெண்கள் அங்கங்கே மீனை வெட்டிப் பிளந்து உப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மெலனி ஒவ்வொரு கூட்டத்துக்கும் பக்கத்தில் போய் நின்று, விலை கேட்பது போலக் கேட்டு, அவர்களின் கதையைக் காது கொடுத்துக் கேட்டாள். இது இல்லை. இதுவும் இல்லை. சைக்கிளில் வந்த ஒருவன் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனான். அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

கடைசியாக, வலைக் குவியலுக்கு அப்பால் தனியாக இருந்து சூரை மீன் பிளந்துகொண்டிருந்த ஒருத்தி, யாரோ வியாபாரியிடம் சொன்னாள்: "இந்த விலைக்குத் தந்தா நான் உப்புக்குத்தான் உழைக்கிறன். என்ன, விளங்குதே?"

ஹெட்போனுக்குள் இருந்த குரல் வெளியே வந்து வெயிலில் உட்கார்ந்திருந்தது. மெலிந்த ஆள். முழங்கை வரை மீன் செதிள். வியாபாரி போகும்வரை பொறுத்திருந்து மெலனி பக்கத்தில் குந்தினாள்.

"அக்கா, நான் ஆய்வு நிலையத்தில இருந்து வந்தனான். உங்கட நேர்காணலை எழுதினது நான்தான். உங்களிட்ட ஒண்டு சொல்ல வேணும்..."

"தெரியும்," என்றாள் சீதேவி. கத்தி நிற்கவில்லை.

"என்னக்கா தெரியும்?"

"நேற்றுப் பொழுதுபட வந்தவர். வீட்டு வாசலில கதிரை கேட்டு இருந்து, தேத்தண்ணி குடிச்சவர். நிலக்சனைப் பற்றி நல்லாக் கதைச்சவர். பிறகு என்ர மகளைக் கூப்பிட்டு, லக்சாயினி, நீ ரியூசனுக்கு எந்தப் பாதையால போறனி எண்டு கேட்டவர். அந்தப் பாதையில நாய்த் தொல்லை கூடவாம், கவனமாம். அவ்வளவுதான் சொன்னவர்."

மெலனிக்கு விளங்கியது. டச்பேயிலிருந்து வாகனம் நேரே இங்கேதான் வந்திருக்கிறது.

"என்னில பிழை, அக்கா. நான்தான் திரையில போட்டனான். அவர் பேர் சொல்லிக் கேக்கேக்க... எனக்குப் பொய் சொல்ல வரயில்ல."

சீதேவி கத்தியை உப்புப் பெட்டியின் விளிம்பில் வைத்தாள். அவள் கத்தியிருந்தால், அடித்திருந்தால் கூட மெலனிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கட நிலையத்தில இருந்து அந்தப் பிள்ளை வந்து கேக்கேக்க நான் முதல்ல மாட்டன் எண்டுதான் சொன்னனான். பேர் வராது அக்கா, ஒருத்தருக்கும் தெரியாது எண்டவள். அவளின்ர முகத்தைப் பார்த்துச் சொன்னனான். தம்பி செத்த நாளில இருந்து நெஞ்சுக்குள்ள கிடந்தது, ஒருத்தரிட்டயாவது இறக்கி வைப்பம் எண்டு சொன்னனான். அதைப் பிடிச்சுச் சினிமா மாதிரிப் பெரிசாக் காட்ட உங்களுக்கு ஆர் சொன்னது?"

மெலனி அந்த வரிகளை வாசித்துத் தான் அழுததைச் சொல்ல நினைத்தாள். அதனால் இந்தப் பெண்ணுக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று வாயை மூடிக்கொண்டாள்.

"என்ர கதையத் திருப்பித் தாங்கோ," என்றாள் சீதேவி. "முழுக்க. ஒரு சொல்லும் உங்களிட்ட இருக்கக் கூடாது."

"தரலாம், அக்கா. எப்ப வேணுமெண்டாலும் விலகலாம், அது உங்கட உரிமை. நான் இண்டைக்கே எடுக்கிறன்."

"நீங்கள் எடுத்ததெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? நான் வந்து பாக்கிறன்."

அவள் சொன்னபடியே வந்தாள். அன்று பள்ளிக்கூடம் விட்டதும் மகளையும் கையோடு கூட்டிக்கொண்டு நிலையத்தின் படி ஏறினாள். லக்சாயினி வெள்ளைச் சீருடையோடு, தாயின் சேலையைப் பிடித்தபடி வந்தாள். அப்படிப் பிடிக்கிற சின்னப் பிள்ளை அல்ல அவள். மெலனி அவர்களை நேரே ஹெக்டரின் அறைக்குக் கூட்டிப்போனாள். கணினி வேலைகளைப் பார்க்கும் றிகாஸையும் கூப்பிட்டாள்.

ஹெக்டர் எழும்பிக் கதிரை கொடுத்தார். பிறகு தயங்கித் தயங்கித் தொடங்கினார். "அம்மா, உங்கட நேர்காணல் இந்த ஆய்வுக்கு முதுகெலும்பு மாதிரி. இதை எடுத்தா அறிக்கையே..."

"என்ர பிள்ளையைப் பாருங்கோ, சேர்," என்றாள் சீதேவி.

ஹெக்டர் பார்த்தார். லக்சாயினி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்தாளை உங்கட குழுவில வைச்சிருக்கிறது நீங்கள். அந்தாளுக்கு முன்னால என்னைக் கொண்டுபோய் நிப்பாட்டினதும் நீங்கள். இப்ப முதுகெலும்பு எண்டு கதைக்கிறீங்கள்."

ஹெக்டர் கெட்ட மனிதரல்ல. ஆனால் கொழும்பு ஆட்களுக்கும் சம்மாட்டிக்கும் ஒரே நேரத்தில் பயந்துகொண்டு பல வருடம் ஓட்டியவர். கடைசியில், "றிகாஸ், எடுத்துவிடுங்கோ" என்றார்.

"இஞ்ச எடுக்கலாம், சேர்," என்றான் றிகாஸ். "ஆனா இதின்ர பிரதி போன கிழமை கொழும்புக்குப் போயிட்டுது. அங்க இருந்து வெளிநாட்டுக்கும் அனுப்பியிருப்பினம். அவையும் அழிக்க வேணும். கேட்டு எழுதலாம். அழிச்சவையோ எண்டு எங்களால போய்ப் பாக்க ஏலாது."

மெலனிக்கு இதுவரை வந்த பயங்களெல்லாம் ஒரு மனிதரின் பேரில் இருந்தவை. இது வேறு மாதிரி. எந்த ஊரில், எந்த மேசையில், யார் இந்தப் பெண்ணின் குரலைத் திறந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ என்ற பயம். அதற்கு ஒரு முகம் கூட இல்லை.

சீதேவி மகளைக் கிட்ட இழுத்துக்கொண்டாள். பிறகு, "நான் சொன்னதை எனக்கு ஒருக்காக் கேக்க வேணும்" என்றாள்.

மெலனி எல்லாரையும் தன்னுடைய மேசையடிக்குக் கூட்டிப்போய், அவளைக் கதிரையில் இருத்தி, ஹெட்போனை மாட்டிவிட்டாள். திரையில் அவளுடைய வரிகள் நீலமும் சிவப்புமாக ஓடின. சீதேவி அவற்றைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சில இடங்களில் உதடு அசைந்தது. ஓரிடத்தில் அவளுடைய இரண்டு கைகளும் மேசைக்கு மேலே எழும்பி, எதையோ தாங்குவது போலக் குவிந்தன. மெலனிக்கு அது எந்த இடம் என்று தெரிந்தது. தம்பியின் உடம்பைக் கழுவிய இடம். லக்சாயினி கிட்டப் போய்த் தாயின் தோளில் கை வைத்தாள்.

கேட்டு முடிந்து ஹெட்போனைக் கழற்றியபோது சீதேவியின் முகம் வேறாக இருந்தது. பயம் போய்விட்டதென்று சொல்ல முடியாது.

"இதை எனக்கு ஒரு பிரதி எடுத்துத் தாங்கோ. உங்கட பெட்டியில இருக்கிறதை அழியுங்கோ."

"பிரதி எதுக்கு, அக்கா?"

"அந்தாளுக்கு நான் சொன்னது தெரியும். நான் சொன்னனான் எண்டு வேற ஆருக்கும் தெரியாது. நாளைக்கு எனக்கோ இவளுக்கோ ஒண்டு நடந்தா அது விபத்துத்தான். தம்பிக்குச் சொன்ன மாதிரி எஞ்சின் நெருப்பெண்டு சொல்லுவினம். பேர் இல்லாம இருந்ததால வந்த வினை இது. நான் போய்ப் பேரோட சொல்லப் போறன்."

"பொலிசுக்கோ?" என்று கேட்டார் ஹெக்டர்.

"பொலிசுக்குத் தனியப் போக நான் விசரியில்ல. மாமியின்ர மகன் கோணேஸ்வரன் ஒரு சட்டத்தரணியிட்டக் கிளாக்காக இருக்கிறான். அந்தச் சட்டத்தரணி ஐயாவோட நேரே நீதவானிட்டப் போறன்."

றிகாஸ் பிரதி எடுத்துக் கொடுத்தான். பிறகு எல்லாரும் பார்த்திருக்க, ஏழாம் நேர்காணலைத் தெரிவுசெய்து அழித்தான். நிச்சயமாகவா என்று மென்பொருள் ஒரு தரம் கேட்டது. அவன் சீதேவியைப் பார்த்தான். அவள் தலையை அசைத்தாள். நீலத்துக்குள்ளும் சிவப்புக்குள்ளும் இருந்த அவளுடைய வரிகள் ஒன்றாக மறைந்தன.

அன்றைக்கே தாயும் மகளும் கிளிவெட்டிக்குப் போனார்கள். அங்கே சீதேவியின் மூத்த அக்கா வயல் செய்கிறாள். சல்லி வீட்டுக்குத் திரும்பவில்லை, உடுப்பும் எடுக்கவில்லை. மெலனி கிளிவெட்டி போகும் பஸ் வரை கூடப் போனாள். பஸ் நிலையத்தில் வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒவ்வொரு மனிதரும் அவளுக்கு யோகலிங்கமாகவே தெரிந்தார்கள். பஸ் புறப்படும்போது சீதேவி ஜன்னலால் தலையை நீட்டி, "உங்கட அம்மாவையும் பாத்துக்கொள்ளுங்கோ" என்றாள். கோபத்தோடா, கரிசனையோடா என்று மெலனிக்குப் பிடிபடவில்லை.

பிறகு நடந்தவை மெதுவாக நடந்தன. சட்டத்தரணி சீதேவியை நீதவான் முன்னிலையில் வாக்குமூலம் கொடுக்க வைத்தார். நிலக்சனின் மரணத்தை மறுபடி விசாரிக்கக் கட்டளை வந்தது. யோகலிங்கம் ஆலோசனைக் குழுவிலிருந்து உடல்நலக் குறைவென்று விலகினார். ஹெக்டர் அவரை விலகச் சொன்னதாக அலுவலகத்தில் கதை. கொழும்பிலிருந்து, பிரதியை அழித்துவிட்டோம் என்று ஒரு வரி மின்னஞ்சல் வந்தது. அறிக்கை சீதேவி இல்லாமல் வெளிவந்தது. டைனமைட்டைப் பற்றிய அத்தியாயம் மெலிந்துபோய் இருந்தது. வாசித்தவர்கள் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

மெலனியை யாரும் ஒன்றும் செய்யவில்லை. ஒரு நாள் பிரதான வீதியில் யோகலிங்கம் எதிரே வந்தார். "எப்பிடிப் பிள்ளை சுகம்?" என்று கேட்டுவிட்டு, முன்பு போலவே சிரித்தபடி போனார். அவள் வீட்டுக்கு வந்து கதவையும் ஜன்னல்களையும் பூட்டிவிட்டுக் கட்டிலில் இருந்தாள். கிறேஸ் பக்கத்தில் வந்து இருந்தாள். வீட்டுக்கு வரும் மீன்காரனிடம் அம்மா இப்போது மீன் வாங்குவதில்லை. தானே சந்தைக்குப் போய் வாங்கி வருகிறாள்.

விசாரணைக்கு நாள் குறித்த பிறகு சீதேவி தொலைபேசி எடுத்தாள். லக்சாயினியைக் கிளிவெட்டிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்றாம். கருவாடு இல்லாத ஊரில் கை சும்மா கிடக்கிறதாம், அக்காவோடு களை பிடுங்கப் போகிறாளாம்.

"தங்கச்சி, விசாரணைக்கு அந்தாளும் வருவார். எனக்கு நேரே கதிரை போட்டு இருப்பார். எனக்கு இப்பவே கால் நடுங்குது."

"ஓம், அக்கா."

"நீங்களும் வர வேணும். அந்தாள் உங்களிட்ட என்ன கேட்டவர், உங்கட வீட்டுக்கு என்ன அனுப்பினவர் எண்டு நீதவானுக்குச் சொல்ல வேணும். பேரோட. ஏலுமே?"

மெலனியின் மேசைக்கு அப்பால் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. அந்தச் சத்தம் ஓயும்வரை அவள் பொறுத்திருந்தாள். கரைச் சுவரில் தனியாக இருந்ததும், பாதையில் நாய்த் தொல்லை கூட என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னதும் நினைவில் வந்து போயின. தன் அம்மா தனியாகச் சந்தைக்குப் போகும் வழியும் வந்தது.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு, அக்கா," என்றாள். "வாறன்."

மறுபக்கத்தில் நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. "சரி. அப்ப காலமை முதல் பஸ்ஸில வந்து கச்சேரிச் சந்தியில நிப்பன். ரெண்டு பேருமாச் சேர்ந்து உள்ளுக்குப் போவம்."